விண்டோஸ் எக்ஸ்பி ப்ரொபஷனல்: இன்றும் நிறுவ வேண்டியவர்களுக்காக ஒரு மதிப்புரை

விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்துவிட்டது. ஆயினும் அச்சகங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் சிறு பட்டறைகளிலும் அதை விட்டு நகர முடியாத டெஸ்க்டாப் கணினிகள் இன்னும் வேலை செய்கின்றன. பேஜ்மேக்கரில் ஆண்டுக்கணக்காகப் பக்கம் கட்டி வைத்த நூல்கள், மதர்போர்டில் செருகிய தனி அட்டை வழியாக மட்டுமே இயங்கும் அளவைக் கருவிகள், பேரலல் போர்ட்டில் டாங்கிள் என்ற உரிமச் சாவி இருந்தால்தான் திறக்கும் மென்பொருள்கள் ஆகியவற்றைப் புதிய கணினிக்கு மாற்றுவது சில இடங்களில் முடிவதில்லை, வேறு சில இடங்களில் கட்டுப்படியாவதில்லை. அத்தகைய கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதாகும் நாளில் யாராவது ஒருவர் உட்கார்ந்து எக்ஸ்பியை மறுபடி போட்டுத்தான் ஆக வேண்டும். அந்த வேலையைச் செய்து வருபவன் என்ற முறையில், 32 பிட் எக்ஸ்பி ப்ரொபஷனலை, திருத்தங்களின் தொகுப்பான மூன்றாம் சர்வீஸ் பேக்கோடு சேர்த்து, இங்கே மதிப்பிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுவும்போது இந்த இயங்குதளம் மிகவும் கண்டிப்பானது. வரிசை தப்பினால் பாதி நாள் வீணாகும். ஆனால் முறையாக நிறுவிய பிறகு, பழுது வந்தால் திறந்து பார்க்கவும் சரிசெய்யவும் அது தருகின்ற வழிகள் எளிமையானவை, தெளிவானவை, பெரும்பாலும் இணையமே தேவைப்படாதவை. இந்த இரண்டாவது குணத்துக்காகவே, வெளி உலகத்தோடு தொடர்பில்லாத கணினி ஒன்றில் அதை இன்றும் நம்பி வைக்கலாம் என்பேன். இணையத்தில் இணைந்த கணினிக்கு அதை எந்தக் காரணத்துக்காகவும் பரிந்துரைக்க மாட்டேன்.

எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் வீடுகளில் இருந்த விண்டோஸ் 98, மீ ஆகிய இரண்டும் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் அடித்தளத்தில் எழுந்தவை. எக்ஸ்பியோ விண்டோஸ் 2000த்தின் என்டி என்ற மையக் கருவைக் கொண்டது. ஒரு மென்பொருள் தவறினால் கணினி முழுவதும் உறைந்துபோகும் வழக்கம் வீட்டுக் கணினிகளில் வெகுவாகக் குறைந்தது இந்த மாற்றத்தினால்தான். குறைந்தபட்சத் தேவை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது 233 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 64 எம்பி நினைவகமும் 1.5 ஜிபி இடமும். மூன்றாம் சர்வீஸ் பேக்கோடு அந்த 64 எம்பியில் வேலை செய்வது பொறுமையைச் சோதிக்கும். 512 எம்பி இருந்தால் நிம்மதியாக வேலை பார்க்கலாம், 1 ஜிபி இருந்தால் பேஜ்மேக்கரும் ஃபோட்டோஷாப்பின் அக்காலப் பதிப்பும் ஒன்றாகத் திறந்திருக்கலாம். 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை. 32 பிட் பதிப்பு அதற்கு மேல் தொடாது. 4 ஜிபி போட்டாலும் அதில் ஒரு பகுதியின் முகவரிகளை வன்பொருள்கள் எடுத்துக்கொள்வதால் ஏறத்தாழ 3.25 ஜிபிதான் கைக்கு வரும்.

நிறுவலின் வெற்றி, சிடியைப் போடுவதற்கு முன்பே பெருமளவு முடிவாகிவிடுகிறது. முதல் கண்ணி, கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸில் இருக்கிறது. எக்ஸ்பி எழுதப்பட்ட காலத்தில் ஹார்ட் டிஸ்க் என்றால் ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறைதான். பின்னர் வந்த சாட்டா இணைப்பு டிஸ்குகளை ஏஎச்சிஐ என்ற புதிய முறையில் இயக்கும் டிரைவர் அதன் சிடியில் இல்லை. பயாஸில் அந்த முறை தேர்வாகியிருந்தால், ஒன்று ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று செட்டப் அறிவிக்கும், அல்லது 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நீலத் திரை வந்து நிற்கும். இந்த நீலத் திரையைக் கண்டு டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டி, நல்ல டிஸ்க்கைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. பயாஸில் சாட்டா முறையை ஐடிஇ அல்லது கம்பேட்டிபிள் என்று மாற்றுவதே எளிய தீர்வு. அந்தத் தேர்வு இல்லாத மதர்போர்டுகளில், செட்டப் தொடங்கியதும் எஃப் 6 விசையை அழுத்தி டிரைவரைக் கொடுக்க வேண்டும்; அதையும் ஃப்ளாப்பி வழியாக மட்டுமே அது ஏற்கும். இதனால் டிரைவரை முன்கூட்டியே சிடியின் முழு நகலான பிம்பத்துக்குள் சேர்த்துவிடுவதுதான் இன்று நடைமுறைக்கு ஏற்றது. என்லைட் என்ற கருவி அதற்கென்றே புகழ்பெற்றது.

இரண்டாவது கண்ணி பலருக்குத் தெரிவதில்லை. எக்ஸ்பியின் செட்டப் உருவாக்கும் முதல் பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கின் முதல் பிரிவு, அதன் 63ஆம் செக்டாரில் (சிறு சேமிப்புத் துண்டில்) தொடங்குகிறது. 512 பைட் செக்டார்கள் இருந்த காலத்தில் அதனால் குறையில்லை. 2010க்குப் பிறகு வந்த டிஸ்குகளில் பெரும்பாலானவை உள்ளே 4 கிலோபைட் செக்டார்களைக் கொண்டவை. அவற்றில் 63இல் தொடங்கும் பார்ட்டிஷன் அந்த எல்லைகளோடு பொருந்தாமல் குறுக்கே விழுவதால், சிறு தகவலை எழுதும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் இரட்டை வேலை செய்கிறது. கணினி காரணமின்றி மந்தமாக இருப்பதாகத் தோன்றும். நினைவகத்தைக் கூட்டினாலும் மாறாது. எஸ்எஸ்டி போடுவோருக்கும் இதே சிக்கல் உண்டு. ஆகவே பார்ட்டிஷனை எக்ஸ்பியின் செட்டப்பில் உருவாக்காமல், விண்டோஸ் 7 டிவிடியிலிருந்தோ லினக்ஸ் லைவ் சிடியில் உள்ள ஜிபார்ட்டெட் என்ற கருவியிலிருந்தோ 2048ஆம் செக்டாரில் தொடங்குமாறு முன்பே உருவாக்கி, என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மட் செய்து வைத்துக்கொண்டு, செட்டப்பில் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தை அப்படியே விட்டுவிடும் தேர்வை எடுக்க வேண்டும். எஸ்எஸ்டியின் வெற்றிடத்தைச் சீர்படுத்தும் ட்ரிம் கட்டளையும் எக்ஸ்பிக்குத் தெரியாது என்பதால், எஸ்எஸ்டியில் ஒரு பகுதியைப் பார்ட்டிஷன் போடாமல் காலியாக விடுவது நல்லது. டிஸ்க் 2 டெராபைட்டுக்கு மேல் இருந்தால் அதை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

சர்வீஸ் பேக் இல்லாத பழைய மூலச் சிடியை வைத்து நிறுவுவோருக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. அந்தப் பதிப்பு 137 ஜிபிக்கு மேல் உள்ள டிஸ்க்கை முழுதாக அறியாது, யுஎஸ்பி 2.0 வேகமும் அதற்கு இல்லை. இவ்விரண்டு வசதிகளும் முதல் சர்வீஸ் பேக்கில் வந்தவை. மூன்றாம் சர்வீஸ் பேக்கின் கோப்பை இன்டெகிரேட் என்ற கட்டளையோடு ஓட்டி, ஹார்ட் டிஸ்க்கில் படியெடுத்த, நிறுவல் கோப்புகள் அடங்கிய ஐ386 கோப்புறையோடு ஒன்றாக்கிப் புதிய சிடி எழுதிக்கொண்டால், நிறுவி முடிக்கும்போதே சர்வீஸ் பேக்கும் ஏறியிருக்கும். அரை மணி நேர வேலைதான். அதன் பலன் ஒவ்வொரு நிறுவலிலும் கிடைக்கிறது.

நிறுவலின் நடுப்பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீலப் பின்னணியில் எழுத்துத் திரை, உரிம ஒப்பந்தத்துக்கு எஃப் 8, பார்ட்டிஷன் தேர்வு, கோப்புகள் நகலாதல், பிறகு மறுதொடக்கம் என்று அது தன் வழியில் போகும். அந்த மறுதொடக்கத்தில், சிடியிலிருந்து பூட் செய்ய ஏதேனும் ஒரு விசையை அழுத்துமாறு திரை கேட்கும்போது எதையும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் செட்டப் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். கோப்பை நகலெடுக்க முடியவில்லை என்ற செய்தி இடையில் வந்தால், சிடியில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல் நினைவகத்தையும் மெம்டெஸ்ட் வைத்துச் சோதிக்க வேண்டும். பழைய ரேம் ஒன்றில் உள்ள பிழை முதலில் தலைகாட்டும் இடம் பெரும்பாலும் இதுதான்.

வரைகலைத் திரை வந்த பிறகு கேட்கப்படும் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் நிதானமாகப் பதில் தர வேண்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லைக் கேட்கும் பெட்டியை வெறுமையாக விட்டு எண்டரைத் தட்டுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. நிறுவல் முடிந்ததும் வரவேற்புத் திரையில் நாம் உருவாக்கும் பயனர்கள் எல்லோருமே கடவுச்சொல் இல்லாத அட்மினிஸ்ட்ரேட்டர்களாகத்தான் பிறக்கிறார்கள். எக்ஸ்பியின் வடிவமைப்பில் நான் மன்னிக்க முடியாத குறை என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலான நச்சுநிரல்கள் கணினியை முழுதாகக் கைப்பற்ற முடிந்ததற்கு இந்த இயல்புநிலை அமைப்பே வழிவிட்டது. அட்மினிஸ்ட்ரேட்டருக்கு ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்து, அதை ஒரு தாளில் எழுதிக் கணினிப் பெட்டியின் உட்புறம் ஒட்டிவைக்கச் சொல்வேன். தினசரி வேலைக்கு அதிகாரம் குறைந்த லிமிடெட் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்வது சிறந்தது. ஆனால் அக்காலத்து மென்பொருள்களில் பல அந்தக் கணக்கில் ஓட மறுக்கும் என்பதால், எது ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

டிரைவர்களை ஏற்றும்போது சிப்செட் முதலில், அதன் பின் கிராஃபிக்ஸ், ஒலி, கடைசியில் நெட்வொர்க் என்ற வரிசையைக் கடைப்பிடிப்பது தொல்லையைக் குறைக்கும். நெட்வொர்க்கைக் கடைசிக்குத் தள்ளுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழு (தானே பரவும் நச்சுநிரல்), பயனர் எதையும் திறக்காமலேயே இணைய இணைப்பு வழியாக நுழைந்து, கணினியை 60 நொடிகளில் அணைக்கப் போவதாக அறிவிக்கும் பெட்டியைக் காட்டியது. அதைத் தடுக்கும் திருத்தம் ஜூலையிலேயே வெளிவந்திருந்தும் போட்டுக்கொள்ளாத கணினிகள் எண்ணற்றவையாக இருந்தன. எக்ஸ்பியில் இருந்த ஃபயர்வாலும் இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. 2004இல் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்தான் ஃபயர்வாலை இயல்பாக இயங்கச் செய்தது. மூன்றாம் சர்வீஸ் பேக் 2008இன் முற்பாதியில் வந்தது. கான்ஃபிக்கர் புழு பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம் அதே ஆண்டு அக்டோபரில்தான் வெளியானது. ஆகவே மூன்றாம் சர்வீஸ் பேக் போட்டாயிற்று என்று நிம்மதி அடைய இடமில்லை. அந்தத் திருத்தத்தோடு, வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல் தாக்கிய 2017 மே மாதத்திலும், ரிமோட் டெஸ்க்டாப்பில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைக்காக 2019 மே மாதத்திலும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கெனத் தனியாக வெளியிட்ட திருத்தங்களையும் வேறொரு கணினியில் இறக்கிச் சிடியில் எழுதி வைத்துக்கொண்டு, கேபிள் எதையும் செருகுவதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் கேபிளைச் செருகாமலிருப்பதே சரி. கோப்புப் பகிர்வுக்காக எக்ஸ்பி நம்பியிருக்கும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பை விண்டோஸ் 10இன் பிந்தைய வெளியீடுகள் இயல்பாக அணைத்து வைத்திருக்கின்றன. எக்ஸ்பி கணினி தெரியவில்லை என்பதற்காக அந்த எஸ்எம்பி பதிப்பைப் புதிய கணினியில் மறுபடி இயக்குவது, நோயில்லாத வீட்டின் கதவை நாமே திறந்து வைப்பதாகும். கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லலாம். இன்றைய பெரிய பென் டிரைவ்கள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன; தனித் திருத்தம் போடாத எக்ஸ்பி அவற்றைப் படிக்காது என்பதால், ஃபேட்32 அல்லது என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மட் செய்து கொடுக்க வேண்டும். பென் டிரைவ் வழியாகப் பரவுவது கான்ஃபிக்கருக்கும் கைவந்த கலையாக இருந்தது. ப்ரொபஷனல் பதிப்பில் உள்ள குரூப் பாலிசிக் கருவியில், செருகியதும் தானாகத் திறக்கும் ஆட்டோபிளேயை எல்லா டிரைவ்களுக்கும் நிறுத்திவிடலாம். ஹோம் பதிப்பில் அந்தக் கருவி இல்லை. விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்துத்தான் செய்ய வேண்டும். இரண்டில் எதை நிறுவுவது என்று கேட்பவர்களிடம் ப்ரொபஷனலை நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

தமிழில் வேலை செய்வோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விண்டோஸ் 2000த்தில் அறிமுகமான யூனிகோடு தமிழும் லதா எழுத்துருவும் எக்ஸ்பியிலும் உள்ளன. ஆனால் இயல்பாக அவை நிறுவப்படுவதில்லை. கண்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் பகுதிக்குச் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் அவை வரும். அந்தக் கணத்தில் எக்ஸ்பி மூலச் சிடியைக் கேட்கும். சிடி கைவசம் இல்லாமல் இந்த இடத்தில் வேலை நின்றுபோன கணினிகளைப் பார்த்திருக்கிறேன். ஐ386 கோப்புறையை முன்பே ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வைத்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. எழுத்துமுறைக் கோப்புகளை நிறுவாத கணினியில் யூனிகோடு தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரியும்; எழுத்துருவை மட்டும் கொண்டுவந்து போட்டாலும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பேஜ்மேக்கரில் பழகிய பழைய எழுத்துருக்களோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அவற்றுக்கு இந்த ஏற்பாடு எதுவும் தேவையில்லை. இரண்டும் ஒரே கணினியில் இடையூறின்றி இருக்கலாம்.

இனிப் பராமரிப்பு. எக்ஸ்பியை நான் மதிப்பது இங்கேதான். மை கம்ப்யூட்டரை வலது கிளிக் செய்து மேனேஜ் என்பதைத் தேர்ந்தால், நிகழ்வுப் பதிவுகள், டிவைஸ் மேனேஜர், டிஸ்க் நிர்வாகம், சர்வீஸ்கள் ஆகிய அனைத்தும் ஒரே சாளரத்தில் அடங்கிவிடுகின்றன. டிஸ்க் சாகத் தொடங்கும்போது நிகழ்வுப் பதிவில் டிஸ்க் பெயரில் சிவப்புக் குறிகள் வரிசையாக விழும். மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர் முழு இழப்பைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். புதிய டிரைவர் ஒன்று கணினியை எழவிடாமல் செய்தால், எஃப் 8 விசையில் கிடைக்கும் லாஸ்ட் நோன் குட் தேர்வு பழைய அமைப்புக்குத் திருப்பிவிடும். ஆனால் ஒருமுறை உள்ளே நுழைந்து லாகின் செய்துவிட்டால் அந்தத் தேர்வு பயனிழந்துவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கணினி முற்றிலும் எழாதபோது சிடியிலிருந்து பழுதுபார்க்க இரண்டு வழிகள் உள்ளன. இரண்டுக்குமே ஆர் என்ற எழுத்துதான் விசை. செட்டப்பின் முதல் திரையில் அழுத்தும் ஆர், ரெகவரி கன்சோல் என்ற கட்டளைத் திரைக்கு அழைத்துச் செல்கிறது. அங்கே ஃபிக்ஸ்பூட், ஃபிக்ஸ்எம்பிஆர், செக்டிஸ்க் போன்ற கட்டளைகளால் பூட் பகுதியைச் சரிசெய்யலாம். அதற்குள் நுழைய, நிறுவும்போது கொடுத்த அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் தேவை. முதல் திரையில் ஆரை அழுத்தாமல் எண்டரைத் தட்டி, உரிமத்துக்கு எஃப் 8 கொடுத்த பிறகு, ஏற்கெனவே உள்ள விண்டோஸைக் கண்டதாகச் சொல்லும் திரையில் அழுத்தும் ஆர்தான் ரிப்பேர் நிறுவல். அது விண்டோஸின் கோப்புகளை மட்டும் புதிதாக எழுதி, நிறுவிய மென்பொருள்களையும் ஆவணங்களையும் அப்படியே விட்டுவைக்கிறது. மதர்போர்டையே மாற்றிய கணினியைக்கூட இந்த வழியில் எழுப்ப முடிகிறது. உரிமம் பெற்ற நிறுவல் சிடி தொலைந்துபோன மென்பொருள் ஒன்றைக் காப்பாற்ற வேண்டியிருக்கும்போது இதன் அருமை புரியும். ரெஜிஸ்ட்ரி கெட்டுவிட்டால், சிஸ்டம்32 கோப்புறைக்குள் கான்ஃபிக் என்ற இடத்தில் இருக்கும் அதன் ஐந்து கோப்புகளை, சிஸ்டம் ரீஸ்டோர் சேமித்த நகல்களிலிருந்து கையாலேயே மாற்றி வைக்க முடியும். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் முடிகிற வேலை.

ஒரு பழுதைத் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். ஆண்டுக்கணக்கில் சிக்கலின்றி ஓடிய கணினி, நெடுநாள் மின்சாரமின்றிக் கிடந்த பிறகு, திடீரென்று 7பி நீலத் திரையோடு நின்றால், டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் மதர்போர்டின் நாணய வடிவ பேட்டரியைப் பாருங்கள். அது தீர்ந்துவிட்டால் பயாஸ் தன் மூல அமைப்புக்குத் திரும்பும். அந்த மூல அமைப்பு ஏஎச்சிஐ என்றால் எக்ஸ்பிக்குத் தன் டிஸ்க்கே தெரியாமல் போகும். சிஆர்2032 பேட்டரி ஒன்றை மாற்றி, சாட்டா முறையைப் பழையபடி ஐடிஇ ஆக்கினால் கணினி எழுந்துவிடும்.

எல்லாம் நிறுவி, உரிமத்தையும் செயலாக்கி முடித்த நாளிலேயே டிஸ்க் முழுவதையும் குளோன்ஜில்லா போன்ற கருவியால் பிம்பமாக எடுத்து வெளி டிஸ்க்கில் வைத்துவிடுங்கள். எக்ஸ்பியோடு வரும் என்டிபேக்கப் ஆவணங்களுக்குப் போதும். முழுக் கணினியை மீட்க பிம்பமே விரைவானது. அதே அளவுள்ள இன்னொரு டிஸ்க்கில் அந்தப் பிம்பத்தை ஒருமுறை இறக்கி, கணினி எழுகிறதா என்று சோதிக்காதவரை அதைக் காப்பு என்று கணக்கில் வைக்க வேண்டாம்.

எக்ஸ்பி பொருந்தாத இடங்களும் உண்டு. போர்ட்டுகளை நேரடியாகத் தொடும் டாஸ் காலத்து இயந்திர மென்பொருள்களை என்டி கரு தடுத்துவிடும். அவற்றுக்கு விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்போ டாஸோதான் ஏற்றவை. மாறாக, தனி அட்டையும் டாங்கிளும் தேவைப்படாத மென்பொருள் ஒன்றுக்காக மட்டுமே எக்ஸ்பி வேண்டும் என்றால், பழைய கணினியைத் தேடி அலைய வேண்டியதில்லை. இன்றைய கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, அதில் ஐடிஇ கன்ட்ரோலரைத் தேர்ந்து, நெட்வொர்க் அடாப்டரை நீக்கிவிட்டு எக்ஸ்பியைப் போட்டால், எஃப் 6 தொல்லையும் பேட்டரித் தொல்லையும் இல்லாமல் வேலை நடக்கும். சீரியல் போர்ட்டில் இணையும் கருவிகள் பலவற்றை அதன் வழியாகவே இயக்கவும் முடிகிறது. நிறுவி முடித்த நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்து வைத்துக்கொண்டால், என்ன கெட்டுப்போனாலும் சில நொடிகளில் அந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். புத்தக வேலைக்காகப் பேஜ்மேக்கர் மட்டும் வேண்டும் என்று வருபவர்களுக்கு இப்போதெல்லாம் இதைத்தான் முதலில் செய்து கொடுக்கிறேன்.